சுன் ட்சுவும் செலவுக் கணக்கும்

கேள்வி: எங்கள் கம்பெனியில் மேலாளர்கள் எல்லோருக்கும் சுன் ட்சுவின் 'போர்க்கலை' நூலைக் கொடுத்துப் பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். எதிரியை வீழ்த்த அந்தக் காலத்துச் சீன யுத்த தந்திரம் இன்றைய தொழிலுக்கு உதவுமா?

பதில்: எதிரி என்று யாரைச் சொல்கிறீர்கள்? போட்டிக் கம்பெனிக்காரரையா? போரில் இரண்டு தரப்புதான். வியாபாரத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், காசு கொடுத்து வாங்குகிறவர். எதிரியையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கண்ணில் படமாட்டார்.

சுன் ட்சு பிறந்த நாட்டிலேயே இது நடந்தது. ஓஃபோ, மோபைக் என்று இரண்டு வாடகை சைக்கிள் கம்பெனிகள். ஒன்றின் சைக்கிள் மஞ்சள், மற்றதன் சக்கரம் ஆரஞ்சு. 2017-இல் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்ட, முதலீட்டாளர் பணத்தை வாரி இறைத்தார்கள். நடைபாதையில் கால் வைக்க இடமில்லாத அளவுக்கு சைக்கிளைக் குவித்தார்கள், வாடகையைக் கிட்டத்தட்ட இலவசமாக்கினார்கள். 2018 ஏப்ரலில் மோபைக்கை மெய்த்துவான் என்ற உணவு டெலிவரி கம்பெனி வாங்கிக்கொண்டது. அந்த டிசம்பரில் ஓஃபோவின் பெய்ஜிங் அலுவலக வாசலில், குளிரில், கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தலைக்கு 99 யுவான், இல்லாவிட்டால் 199. இணையத்தில் காத்திருந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

சுன் ட்சுவின் இரண்டாம் அத்தியாயத்தை யாராவது ஒழுங்காகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த அத்தியாயம் முழுக்கச் செலவுக் கணக்கு. லட்சம் பேரைக் களத்துக்கு அனுப்பினால் ஒரு நாளைக்கு ஆயிரம் பொன் கரையும், தேருக்கு அரக்கும் பசையும்கூடக் காசுதான் என்று எழுதுகிறார். நீண்ட போரால் எந்த நாடும் லாபம் பார்த்ததில்லை என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் இன்னும் கறார்: கோட்டையை முற்றுகையிடுவதுதான் கடைசி வழி. பொறுமையிழந்த தளபதி வீரர்களை எறும்பு போல மதில் ஏறவிட்டால், மூன்றில் ஒரு பங்கு ஆள் செத்தும் கோட்டை பிடிபடாமல் போகும். விலைக்குறைப்புப் போர் என்பது இந்த மதில் ஏறுதல்தான்.

பயிற்சி வகுப்புக்காரர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் பழகியதுதான். உங்கள் வகுப்பிலும் அந்தப்புரக் கதையைச் சொல்லியிருப்பார்கள். வூ நாட்டு மன்னன் ஹோலு 180 பெண்களைக் கொடுத்துப் பயிற்சி தரச் சொல்ல, கட்டளையைக் கேட்டுச் சிரித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இருவரின் தலையைச் சுன் ட்சு வெட்டினார் என்ற கதை. 'போர்க்கலை' நூலின் பதின்மூன்று அத்தியாயங்களில் அது இல்லை. பல நூற்றாண்டு கழித்து சீமா ச்சியேன் எழுதிய வரலாற்றில் வருகிறது. ஆட்குறைப்புக்கு நியாயம் கற்பிக்க இதைச் சொல்கிறவர்கள், கோபத்தில் போர் தொடங்காதே, அழிந்த நாடு திரும்பாது, செத்தவர் பிழைக்கமாட்டார் என்ற பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஏன் வாசிப்பதில்லை?

ஆக, உதவும். இரண்டாம் அத்தியாயத்தை உங்கள் கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் நேரமிருந்தால், போர்க்கலை பற்றி எழுதிய இன்னொரு பழைய சீனரான சுன் பின் பற்றியும் தேடுங்கள். சுன் ட்சுவும் அவரும் ஒரே ஆள்தான் என்று அறிஞர்கள் சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1972-இல் ஷான்டோங் மாகாணத்தின் லின்யியில் ஹான் அரச வம்சத்துக் காலக் கல்லறை ஒன்றைத் திறந்தபோது, இருவர் நூல்களும் மூங்கில் பட்டைகளில் தனித்தனியாகக் கிடைத்தன. அதைத் தனிக் கேள்வியாக அனுப்புங்கள், ஒரு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.