முதல் கார்டு யாருக்கு வந்தது?

கேள்வி: எனக்கு 43 வயது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மஸ்கட்டிலிருந்து ஒரு கம்பெனி இரண்டு வருட ஒப்பந்தத்தில் கூப்பிடுகிறது. மனைவி, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். வீட்டுக் கடன் பாதிக்கு மேல் பாக்கி இருப்பதால் அந்தச் சம்பளம் பெரிய உதவி. ஆனால் தேவசித்தம் தெரியாமல் ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது என்று இருக்கிறேன். உபவாசம் இருந்து ஜெபித்தேன். எங்கள் சபை ஐயர் (போதகர்), "ஜெபம்பண்ணுங்க, கர்த்தர் நடத்துவார்" என்றார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனச் சீட்டு எடுப்போமே, அந்த வாக்குத்தத்தக் கார்டில், நரைவயது வரைக்கும் தாங்குவேன் என்ற ஏசாயா 46:4 வந்தது. அது என் காரியத்துக்குப் பொருந்தவில்லை (அந்தக் கார்டை அம்மா கேட்டு வாங்கித் தன் பைபிளில் வைத்துக்கொண்டார்கள்). வீட்டில் உள்ள பிராமிஸ் பாக்ஸில் (வசனக் கார்டுகள் வைத்த பெட்டி) மறுபடி எடுத்தேன், தெளிவாக இல்லை. மறுநாள் ஒரு ஜெபவீட்டில் எடுத்தபோது, நீ போகிற இடத்திலெல்லாம் உன்னைக் காப்பேன் என்ற ஆதியாகமம் 28:15 வந்தது. இதைக் கர்த்தருடைய சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும், மனதில் சமாதானம் இல்லை. எங்களோடு இருக்கிற அம்மாவுக்கு 76 வயது. அவர்கள் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, நீங்கள் பொருந்தவில்லை என்று ஒதுக்கிய கார்டை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? மற்றதெல்லாம் எனக்குப் பழகிய சங்கதி. வளைகுடா வேலை, வீட்டுக் கடன், மாத இறுதிக் கெடு, ஐயர் சொன்ன பதில் எல்லாம் ஜனவரி பிறந்தால் வரிசையாக வரும். இந்த ஒரு வரிதான் புதிது.

நரைவயதைப் பற்றி ஒரு வசனம் வருகிறது. 43 வயதுக்காரனுக்கு இது எதற்கு என்று நீங்கள் தள்ளிவிடுகிறீர்கள். 76 வயதுக்காரர் அதைக் கேட்டு வாங்குகிறார். அது ஏன் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு நீங்களும் மனைவியும் பேசுவது அவர்கள் காதில் விழாது என்று நினைக்கிறீர்களா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: மஸ்கட் விஷயம் அம்மாவுக்குத் தெரியும். நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு வசனம் வேண்டியிருந்தது, உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கார்டை ஆண்டவரே குறிபார்த்து உங்கள் கையில் வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தட்டில் கலைத்து வைத்ததில் கைக்கு அகப்பட்டது ஒன்று. வருடம் முழுக்க நினைத்துக்கொள்ள ஒரு வசனம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுங்கள், அதற்குத்தான் அது. வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று அதனிடம் கேட்டது நீங்கள். கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் போனதும் வேறு பெட்டியில் கைவிட்டதும் நீங்கள்தான். கிளி ஜோசியத்தில்கூட, கிளி எடுத்த சீட்டை உள்ளே போட்டுவிட்டு இன்னொன்று எடு என்று யாரும் சொல்வதில்லை.

சீட்டுப் போட்டுத் தேவசித்தம் கேட்ட கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த மொரேவிய சபையார் அப்படிச் செய்தார்கள். 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள்தான் அவர்கள். யார் எந்தத் தேசத்துக்கு மிஷனரியாகப் போவது என்பதிலிருந்து யாருக்கு யார் மணமகள் என்பது வரைக்கும் சீட்டுதான். 'ஆம்' என்று ஒன்று, 'இல்லை' என்று ஒன்று, எதுவும் எழுதாதது ஒன்று. எழுதாத சீட்டு வந்தால் காத்திருக்க வேண்டும். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவர்களே 1818-இல், சாதாரண உறுப்பினர்களின் கல்யாணத்துக்குச் சீட்டு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. 'இல்லை' என்று வந்தால் ஆசையை அடக்கிக்கொண்டு எழுந்து போக வேண்டும் என்று தெரிந்துதான் கையை நீட்டினார்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் 'ஆம்' அகப்படும் வரை கிளறியிருப்பீர்கள்.

சரி, உங்களுக்குப் பிடித்துப்போன மூன்றாவது கார்டுக்கு வருவோம். "நான் உன்னோடே இருந்து, நீ போகிற இடத்திலெல்லாம் உன்னைக் காத்து, இந்தத் தேசத்துக்கு உன்னைத் திரும்பிவரப்பண்ணுவேன்." யாரிடம் சொன்னது இது? யாக்கோபிடம். எப்போது? கண் தெரியாத கிழத் தகப்பனை, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறபோது. அந்த அதிகாரத்துக்கு ஒரு அதிகாரம் முன்னால் போய்ப் படியுங்கள். அவனை அனுப்பி வைத்தவள் அவன் அம்மா ரெபெக்காள். உன் அண்ணன் ஏசாவின் கோபம் தணிகிற வரைக்கும் சில நாள் என் சகோதரன் லாபானிடம் இரு, அப்புறம் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறேன் என்கிறாள். சில நாள்! லாபான் வீட்டில் இருபது வருடம் போயிற்று. திரும்பி வந்தபோது தகப்பன் ஈசாக்கு உயிரோடு இருந்தார், மகன் போய்ப் பார்த்தான். அம்மாவை மறுபடி பார்த்ததாக வேதத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு வருட ஒப்பந்தம்தான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வளைகுடாவுக்கு இரண்டே வருடத்துக்கென்று போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், எப்போது வந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

தேவசித்தம், தேவசித்தம் என்று இத்தனை தடவை சொல்கிறீர்களே, அதில் பாதி ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்பதற்குக் கார்டு எடுக்க வேண்டியதில்லை. மாற்கு 7-ஐப் படித்துப் பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அந்தக் காலத்துப் பக்திமான்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இயேசு அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். 'கர்த்தர் நடத்துகிறார், அம்மா விஷயம் அப்புறம்' என்பதும் அதே வழிதான். அவரோ சிலுவையில் தொங்குகிறபோதும் அம்மாவை யார் வீட்டில் விடுவது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது நம் வீடுகளில் சுவரில் மாட்டுகிற வசனக் காலண்டரில் வராது, பைபிளில் இருக்கிறது.

மனதில் சமாதானம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். அதற்கு உபவாசம் இருந்து அர்த்தம் தேட வேண்டாம். அம்மாவை மறைத்து ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், மனச்சாட்சி உறுத்துகிறது. அவ்வளவுதான்.

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கடன் அடைக்க வெளிநாடு போவது பாவமில்லை. ஆனால் பெற்றவளுக்கு இடம் பார்க்காமல் விமானம் ஏறுகிறவரைக் கர்த்தர்தான் நடத்துகிறார் என்று நூறு கார்டு சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து, மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். மனைவியும் இருக்கட்டும், பிள்ளைகள் வேண்டாம். மஸ்கட் வேலையைச் சொல்லுங்கள், சம்பளத்தையும் சொல்லுங்கள். நாங்கள் போனால் நீங்கள் எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். "நீ போப்பா, என்னைப் பத்திக் கவலைப்படாதே" என்று உடனே சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். அந்தத் தலைமுறை அம்மாக்கள் எல்லாரும் சொல்கிற முதல் பதில் அது. உட்கார்ந்தே இருங்கள், இரண்டாவது பதில் வரும்.

அப்புறம் கணக்குப் போடுங்கள், அதுதானே உங்கள் தொழில். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் யார் வீட்டில் அம்மா, மாதம் நீங்கள் எவ்வளவு அனுப்புவது, ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் ஆட்டோ பிடிப்பது என்பதெல்லாம் பேசி முடிவாக வேண்டும். நீங்கள் மட்டும் போய், மனைவியும் பிள்ளைகளும் அம்மாவோடு இங்கே இருக்கிற வழியை உங்கள் கடிதத்தில் காணோம். அதையும் யோசியுங்கள். ஆனால் முடிவெடுத்துவிட்டு மனைவி தலையில் கட்டாமல், அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இதெல்லாம் முடியாமல் மாத இறுதி வந்துவிட்டால் கம்பெனியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் அந்த வேலை போகட்டும். கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று வங்கியில் கேட்டீர்களா? உபவாசம், ஐயர், மூன்று கார்டு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், வங்கிக்குப் போனதாக எங்கேயும் காணோமே.