பசளை போட்டும் புல்லில் சத்தில்லையே, ஏன்?

கேள்வி: வேலி அடைத்த 2 ஏக்கர் இயற்கைப் புல்தரை இருக்கிறது, பெரும்பாலும் கினிப்புல். மாரியில் யூரியா எறிந்தேன். புல் இடுப்பளவு வளர்ந்தது. பங்குனியில் வெட்டி உலர்த்திப் போட்டால் மாடுகள் பாதியை மிதித்துக் கழிக்கின்றன, பாலும் கூடவில்லை. பசளையில் பிழையா?
– பண்ணையாளர், கிரான்

பதில்: பிழை பசளையில் இல்லை, வெட்டிய நாளில். யூரியாவின் தழைச்சத்து இலையைப் பெருக்கும், இலையில் புரதத்தையும் ஏற்றும். கதிர் உள்ளே உருவாகத் தொடங்கியதும் புல் இலை விடுவதைக் குறைத்துத் தண்டை நீட்டத் தொடங்கும். தண்டில் ஏறும் லிக்னின் என்ற மரத்தன்மையான பொருளை மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் உடைக்க முடியாது. எடை கூடக் கூட, அதற்குள் இருக்கும் புரதம் ஐதாகிக்கொண்டே போகும்.

உலர் எடையில் புரதம் 7 வீதத்துக்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்துப் போதாது. செரிமானம் மந்தமாகி மாடு தின்பதைக் குறைத்துவிடும். கினிப்புல் நாலைந்து கிழமை வயதில் 10 வீதத்தை ஒட்டி நிற்கும், பூத்து முற்றினால் 7-க்கும் கீழே இறங்கும். வைக்கோலில் ஏறக்குறைய 4 வீதம். பசளைக் காசும் வெட்டுக்கூலியும் கொடுத்து வைக்கோலுக்குக் கிட்டவான ஒன்றைத்தான் செய்திருக்கிறீர்கள்.

அடுத்த முறை நாட்காட்டியைப் பார்க்காமல் தண்டைப் பாருங்கள். பத்துத் தண்டைப் பிடுங்கினால் ஒன்றிரண்டில் மட்டும் கதிர் எட்டிப் பார்க்க வேண்டும், மற்றவற்றில் கதிரை மூடிய மேல் இலையுறை திரண்டிருக்க வேண்டும். அதுதான் நாள். கினிப்புல்லை 10–15 செ.மீ. அடித்தண்டு விட்டு வெட்டுங்கள். ஒட்ட அறுத்தால் மறுதளிர் பிந்தும். அறுகு படர்ந்த இடத்தில் 5 செ.மீ. போதும். எடை குறைகிறதே என்று தயங்க வேண்டாம், குறைவது பெரும்பாலும் மாடு தள்ளிவிடும் தண்டுதான்.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது போடலாம்? எங்களுடையது மணல் தரை.
– வாழைச்சேனை வாசகர்

பதில்: மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி. இல்லையென்றால் ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்திலிருந்து தொடங்கலாம். யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து என்பதால் அது ஏறக்குறைய 44 கிலோ, ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மணலில் முழுவதையும் ஒரே நாளில் எறிந்தால் பாதி மழையோடு வேருக்குக் கீழே போய்விடும். இரண்டாகப் பிரியுங்கள்.

ஐப்பசி மழையில் புல் துளிர்த்து நாலு விரல் உயர்ந்ததும் முதற்பாதி, கூடவே 20 கிலோ டி.எஸ்.பி. (மணிச்சத்துப் பசளை), 15 கிலோ எம்.ஓ.பி. (சாம்பல்சத்துப் பசளை). அந்தப் புல்லை மார்கழியில் பச்சையாகவே வெட்டிப் போடுங்கள். அந்த மழையில் உலர்த்த முயல்வது வீண் வேலை. மறுபாதியைப் பொங்கல் கழிந்து மழை தணியும்போது, மண் ஈரமாகவும் இலை காய்ந்தும் இருக்கையில் எறியுங்கள். ஐந்து கிழமையில் மாசி வெயில் வந்துவிடும், உலர்த்த அதுவே வசதி. மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே கிடக்கும் யூரியா அமோனியாவாகிக் காற்றில் போகும். தேங்கிய தண்ணீரில் போட்டாலும் வீண்.

உலர்ந்ததா என்று பார்க்க: காய்ந்த போத்தலில் நறுக்கிய புல்லோடு ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பைப் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டிபட்டால் ஈரம் 15 வீதத்துக்கு மேல், அடுக்காதீர்கள். உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். உப்பு உதிரியாகவே இருந்தால் அடுக்கலாம்.

பசளை வேலை செய்ததா என்று அறிய, ஒரு கீற்று நிலத்தைப் பசளையின்றி விடுங்கள். வெட்டு நாளில் இரு இடத்திலும் 1 மீற்றர் சதுரச் சட்டத்துக்குள் அறுத்து நிறுங்கள். சட்டத்துக்கு 1 கிலோ பச்சைப்புல் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4 தொன். வேலியில்லாத பொதுத் தரையில் இதெல்லாம் வேண்டாம், உங்கள் யூரியாவை அடுத்த பட்டிதான் மேயும்.

கேள்வி: எங்கள் தரையில் பயறினக் கொடிகள் நிறைய. அங்கும் யூரியா போடலாமா? போட்டபின் மாட்டை எப்போது விடலாம்?
– பொத்துவில் வாசகர்

பதில்: கொடிகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருந்தால் யூரியாவை விடுங்கள், டி.எஸ்.பி.யும் எம்.ஓ.பி.யும் போதும். யூரியா குடித்த புல் உயர்ந்து நிழலடித்துக் கொடியை ஒழித்துவிடும். காசில்லாமல் கிடைத்த புரதம் அதோடு போகும்.

யூரியா போட்ட தரையில் 3–4 கிழமை மாட்டை விடாதீர்கள். மணிகளை நக்கினாலும், மூட்டை கழுவிய தண்ணீரைக் குடித்தாலும் மாடு சாகும். இன்னொரு ஆபத்து நைத்திரேற்று, புல்லில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் மாட்டுக்கு நஞ்சாகும் தழைச்சத்து வடிவம்: பசளை போட்டபின் மழை பொய்த்து வாடிய புல்லின் அடித்தண்டில் அது சேரும், மழை திரும்பிய முதல் சில நாட்களிலும் அதிகமாகவே இருக்கும். மாடு மூச்சுத் திணறி, இரத்தம் கபில நிறமாகத் தெரிந்தால் உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்ட புல்லை உலர்த்திக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், உலர்த்துவதால் நைத்திரேற்று போவதில்லை.