ஒரே மாதத்தில் பயிற்சி, ஹெவி லைசென்ஸ், லாரி வேலை: ஏஜென்ட் சொல்வது நடக்குமா?

கேள்வி: எனக்கு 21 வயது. ராசிபுரம் அருகே ஒரு கிராமம். கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனம் 30 நாள் பயிற்சி கொடுத்து, ஹெவி லைசென்ஸும் எடுத்துத் தந்து, உடனே லாரி ஓட்டும் வேலையும் கொடுக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அவருக்கு 15,000 ரூபாய் முன்பணம் தர வேண்டுமாம். மூன்று வருட பாண்டில் கையெழுத்துப் போட்டு, அசல் லைசென்ஸையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஒப்படைக்க வேண்டுமாம். அம்மா நகையை அடகு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். பயிற்சியில் உண்மையில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? சேரலாமா?

பதில்: தம்பி, பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு தேதிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஏஜென்ட் சொல்லும் முப்பது நாள் சட்டப்படியே நடக்க முடியாதது. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்தவருக்குத்தான் சரக்கு வாகனத்துக்கான எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கொடுக்கலாம் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஏழாம் பிரிவில் சொல்கிறது. உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் நான்கு மாதம் பாக்கி. எல்.எல்.ஆர். எடுத்த பிறகு 30 நாள் கழிந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே உங்களுக்கு ஹெவி லைசென்ஸ் கிடைக்கக் குறைந்தது ஐந்து மாதம் ஆகும். அதற்கு முன்பே ஒருவர் அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார் என்றால், அது போலியாக இருக்கும், அல்லது நீங்கள் போயே இராத வேறு மாநிலத்து முகவரியில் எடுத்ததாக இருக்கும். அந்த அட்டையோடு ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை லாரி உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கும்; உரிமையாளர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்; ஏஜென்டின் தொலைபேசி அப்போது அணைந்திருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான நிறுவனங்கள் ஹெவி லைசென்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவரைத்தான் பயிற்சிக்கு எடுக்கின்றன. ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத் தருவது அவர்களது வேலை இல்லை. தங்கள் வண்டியைத் தங்கள் முறையில் ஓட்டவைப்பதுதான் அவர்களது நோக்கம். முதல் சில நாள் வகுப்பறையில் போகும். டிரிப் ஷீட் எழுதுவது, இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) காலாவதியாகும் முன் ஊர் சேருவது, பாஸ்டேக், ஜி.பி.எஸ்., புகை மாசைக் குறைக்கும் ஆட்புளூ திரவம் ஊற்றுவது, டயர் காற்று, டீசல் மைலேஜ் என்று வரிசையாக வரும். மைலேஜுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குவார்கள், ஏனென்றால் அவர்களது லாபம் அதில் இருக்கிறது. அதன் பிறகு யார்டில் ரிவர்ஸ் எடுப்பது, சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் அணைப்பது. கடைசியாக, ஒரு மூத்த ஓட்டுநருக்குப் பக்கத்தில் செகண்ட் டிரைவராக லைனுக்கு (வெளியூர் ஓட்டத்துக்கு) அனுப்புவார்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் உண்மையான பயிற்சி. அந்தக் காலத்தில் கிளீனராகச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் கழித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சில மாதங்களில் சுருக்கித் தருகிறார்கள். அந்த மாதங்களில் சம்பளம் உண்டா, பேட்டா மட்டும்தானா, சாப்பாடு யார் செலவு என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பயிற்சி நல்லதா என்று கண்டுபிடிக்க, மலை இறக்கத்தைப் பற்றி அவர்கள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரிந்ததுதான். 28 டன் எடையோடு அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நியூட்ரலில் போகும்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. மொத்த எடையும் பிரேக் லைனர் மேல் விழுகிறது. டிரம் சூடேறி, லைனர் கருகும் வாசம் கேபினுக்குள் வரும்போது, ஓட்டுநர் பயத்தில் பெடலை மிதித்து மிதித்து விடுவார். ஒவ்வொரு மிதிக்கும், பிரேக்கை இயக்கும் ஏர் டேங்கில் காற்று குறையும். மீட்டரில் முள் இறங்குவதை அவர் கவனிக்கும்போது கீழே முன்னால் நிற்கிற வண்டிகள் தெரிய ஆரம்பித்திருக்கும். மேட்டின் உச்சியிலேயே கியரைக் குறைத்து, எந்தக் கியரில் ஏறினோமோ ஏறக்குறைய அதே கியரில் இறங்க வேண்டும் என்பதை உங்களை ஓட்டவைத்தே காட்டாத பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பயிற்றுநராக இருந்த காலத்தில் முதல் நாள் காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடமாட்டேன். மாணவரைக் கேபினில் உட்காரவைத்துவிட்டு, இடப்பக்க முன் சக்கரத்தை ஒட்டி ஒரு பையனை நிற்கவைப்பேன். கண்ணாடியில் பார், யார் நிற்கிறார்கள் என்று கேட்டால், ஒருவரும் இல்லை சார் என்பார். இறங்கி வந்து பார்த்ததும் அவர் முகம் மாறும்.

பயிற்சி நேரம் என்பது வண்டிக்குள் உட்கார்ந்த நேரம் இல்லை. ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்த நேரம். சரக்கு வாகனத்துக்கு ஓட்டுநர் பள்ளி குறைந்தது 30 நாள் பயிற்சி தர வேண்டும், அதில் 15 மணி நேரமாவது உண்மையில் ஓட்டவைக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நடப்பது என்னவென்றால், ஒரே வண்டியில் பத்துப் பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து, பதிவேட்டில் முப்பது நாளையும் எழுதி, படிவம் 5 சான்றிதழில் முத்திரை குத்திவிடுகிறார்கள். தேர்வு நாளன்று பள்ளியின் வண்டியையே மைதானத்துக்குக் கொண்டுவந்து சில நிமிடம் ஓட்டிக்காட்டினால் முடிந்தது. சுமை ஏற்றிய லாரியை இறக்கத்தில் நிறுத்தத் தெரியுமா என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. இருசக்கர வாகனத்துக்கு எட்டுப் போடும்போது கால் தரையில் பட்டால் திருப்பி அனுப்புகிற அலுவலகம், 28 டன்னைச் சாலையில் விடுவதற்கு இவ்வளவுதான் பார்க்கிறது என்பதை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நீங்கள் ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். முதல் வாரத்திலேயே பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

2021 ஜூலையிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்று ஒரு வகை வந்திருக்கிறது. அங்கே கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அதில் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்து ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இதை வைத்துத்தான் ஏஜென்டுகள் தேர்வே கிடையாது என்று எல்லாப் பள்ளிக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். சாதாரண ஓட்டுநர் பள்ளிக்கு அந்த விலக்கு இல்லை.

பணத்துக்கு வருகிறேன். நிறுவனத்துக்கு ஆள் வேண்டும் என்றால் நிறுவனம்தான் ஏஜென்டுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர் கொடுக்கும் 15,000 அநேகமாக நிறுவனத்தின் கணக்குக்கே போவதில்லை. பணம் கட்டத்தான் வேண்டும் என்றால், நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டி, அவர்களது ரசீதை வாங்குங்கள். ஏஜென்டின் கைபேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அசல் லைசென்ஸையும் மதிப்பெண் சான்றிதழையும் எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டியவர் உங்கள் எதிரிலேயே பார்த்துத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். அசலைப் பிடித்து வைப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு: சம்பளம் தராவிட்டாலும் நீங்கள் போக முடியாமல் செய்வது.

பாண்ட் என்றாலே பயந்துவிட வேண்டாம். பயிற்சிக்கு உண்மையில் செலவழித்த நிறுவனம், பாதியில் போனால் நஷ்ட ஈடு கேட்பது நியாயம்தான். ஆனால் பத்திரத்தில், உதாரணமாக, மூன்று லட்சம் என்று போட்டிருந்தாலும் மூன்று லட்சத்தையும் வசூலித்துவிட முடியாது. நியாயமான இழப்பீடு மட்டுமே, அதுவும் எழுதிய தொகைக்கு மேல் போகாமல், கிடைக்கும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது, பாண்டோடு சேர்த்து நீட்டப்படும் வெற்றுப் பத்திரத்துக்கும் தொகை எழுதாத காசோலைக்கும்தான். அவற்றில் கையெழுத்துப் போடவே கூடாது.

இந்த நான்கு மாதம் சும்மா இருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரு விலக்கு இருக்கிறது. பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் பொறுமையாகச் சொல்கிறேன். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. மொத்த எடை என்பது காலி வண்டியின் எடை இல்லை. வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்தது. அந்த எண் ஆர்.சி.யில் இருக்கும். டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். ஐச்சரில் சில மாடல்கள் அடங்கும், சில தாண்டிவிடும்; பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆர்.சி.யைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், ஆசிட் போன்ற அபாயப் பொருள் ஏற்றுகிற வண்டிக்கு இந்த விலக்கு பொருந்தாது. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும், உங்களுக்கு 21 ஆகிவிட்டது. பேட்ஜ் (அந்தத் தனி அனுமதி) எங்கே என்று வழியில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீர்ப்பின் நகலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே இப்போதைக்கு அந்த ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும். நான்கு மாதம் ஒரு சிறிய சரக்கு வண்டியில் ஓட்டுங்கள். இடையில் ஒரு நாள் நாமக்கல் போய், அங்கே அசோக் லேலண்ட் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் கட்டணம் எவ்வளவு, அடுத்த வகுப்பு எப்போது என்று நேரில் கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பிரிவும் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் பக்கம் எண்ணம் இருந்தால் அதையும் விசாரியுங்கள். எங்கே போனாலும் ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர் என்பதை முதலில் கேளுங்கள். எல்.எல்.ஆர். விண்ணப்பிக்கும் முன்பு உங்கள் லைசென்ஸில் இலகுரக வாகனத்துக்கு நேரே உள்ள வழங்கிய தேதியைப் பாருங்கள். இருசக்கர வாகனத்துக்கு முன்பே எடுத்திருந்தால் அந்தத் தேதி கணக்கில் வராது.