காவலூர் கண்ணாடிக்கு ரசம் முன்பக்கம் ஏன்?

கேள்வி: காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியில் அலுமினியத்தை முன்பக்கமே பூசுகிறார்களாமே? அது அழுக்காகாதா? எப்படிப் புதுப்பிப்பார்கள்?
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: அழுக்காகத்தான் செய்யும். ஆனால் வீட்டுக் கண்ணாடிபோல் பின்பக்கம் ரசம் பூசினால், நட்சத்திர ஒளி கண்ணாடிக்குள் போய்த் திரும்பவேண்டும். ஒளி வீணாகும், முன்பரப்பிலிருந்து இரண்டாவது பிம்பமும் விழும். அதனால் 2.34 மீட்டர் விட்டமுள்ள இந்தக் கண்ணாடிக்கு முன்பரப்பில்தான் பூச்சு.

பூச்சின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அத்தனை பெரிய பரப்பிலும் ஒட்டியிருக்கும் அலுமினியம் 1 கிராமைச் சற்றே தாண்டும்!

தூசி, ஈரம், பூச்சிகளால் பிரதிபலிப்பு குறையும். அப்போது கண்ணாடியைக் கழற்றி இறக்குவார்கள். இப்படிப்பட்ட பூச்சைக் காரக் கரைசலிலோ நீர்த்த அமிலத்திலோ கரைத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, சொட்டுத் தடம்கூட இல்லாமல் உலர்த்தவேண்டும். பிறகு வெற்றிடக் கலன். டங்ஸ்டன் இழைகளில் மாட்டிய அலுமினியத் துண்டுகள் சூடேறி ஆவியாகிக் கண்ணாடியில் படியும்.

கெடுவது பெரும்பாலும் கழுவும்போதுதான். விரல்ரேகை எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பூச்சு உரியும். வெற்றிடம் போதாவிட்டால் படலம் மங்கிப் பால்போல் வெளுக்கும். எல்லாவற்றையும் கரைத்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டியதுதான். நல்ல புதுப்பூச்சு, விழும் ஒளியில் 90 சதவீதம்வரை திருப்பித் தரும். அதன்மேல் துணி வைத்துத் துடைக்கவே கூடாது. ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், கோடு விழுந்துவிடும்.