பொங்கல் தின்ற பசு ஏன் அசை போடவில்லை?

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று எங்கள் கலப்பினப் பசுவுக்கு வயிறார பொங்கல் ஊட்டினோம், அக்கம்பக்கத்தினரும் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அசை போடவில்லை, சாணம் புளித்த வாடையோடு தண்ணியாகப் போகிறது. வைக்கோலையே செரிக்கிற மாட்டுக்குச் சோறு செரிக்காதா டாக்டர்?

பதில்: மாடு இன்னும் அப்படியே இருந்தால், மேலே படிக்காமல் உடனே உங்கள் ஊர் கால்நடை மருத்துவரையோ 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். அசிடோசிஸ் என்கிற இந்த அமில நோய் முற்றினால், ஓரிரு நாளில் மாட்டைச் சாய்த்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைக்கோலை மாடு செரிப்பதே இல்லை. அதிலுள்ள செல்லுலோஸ் என்ற நார்ச்சத்தை உடைக்கும் நொதி நமக்கும் சுரக்காது, மாட்டுக்கும் சுரக்காது. மாட்டின் இரைப்பையில் முதல் பெரிய அறையான பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான், ஒரு மில்லி திரவத்திலேயே ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும், அந்த நாரை மெல்ல மெல்ல உடைத்துப் புளிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான் வருகிறது, பாலில் இருக்கும் கொழுப்புக்கும் அசிட்டிக் அமிலம்தான் முக்கிய மூலப்பொருள். அசை போடும்போது லிட்டர் லிட்டராக ஊறும் எச்சில் சோடா உப்பு போல வேலை செய்து அந்த அமிலத்தைச் சமன் செய்யும்.

சோறும் வெல்லமும் ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால், மாவுச்சத்தைத் தின்னும் வேறு நுண்ணுயிரிக் கூட்டம் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. பெருவயிற்றின் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 6-7-லிருந்து 5-க்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் நார் உடைக்கும் நுண்ணுயிரிகள் செத்துப்போகின்றன, பிறகு வைக்கோல் போட்டும் என்ன பயன், செரிக்க ஆளில்லையே!

அதனால் இப்போது சோறு, கஞ்சி, தவிடு, கலப்புத் தீவனம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நல்ல வைக்கோல் மட்டும் முன்னால் போட்டு வையுங்கள். அமிலத்தைச் சமன் செய்யச் சமையல் சோடா எவ்வளவு கொடுப்பது என்பதை மாட்டைப் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும், படுத்த மாட்டுக்கு நீங்களாக எதையும் வாயில் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். தேவைப்பட்டால் ஆரோக்கியமான இன்னொரு மாட்டின் பெருவயிற்றுத் திரவத்தை எடுத்து இதற்குக் கொடுப்போம், நுண்ணுயிரிகளை மறுபடி குடியேற்றுவதற்காக.

அடுத்த பொங்கலுக்கு ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், போதும். அப்புறம், எந்தப் புதுத் தீவனமானாலும் பத்து, பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குணமான பிறகும் சில வாரம் நடையைக் கவனியுங்கள், இந்த நோய்க்குப் பின் குளம்பு அழற்சி வருவது உண்டு, நொண்டினால் உடனே காட்டுங்கள்.