ஆழத்தோடு பண்பு மாறும் மெல்லிய பூச்சுகளை நானோ முனையால் அழுத்தி அளப்பது: கேள்வி-பதில்

கேள்வி: ஆழம் கூடக் கூடத் தொடர்ந்து விறைப்பை அளக்கும் முறையில், 200 நானோமீட்டரில் 250 கிகாபாஸ்கல் காட்டியது. அந்த ஆழத்தில் பூச்சின் யங் குணகம் (மீள் விறைப்பின் அளவு) அதுதானே?

பதில்: இல்லை. முனை 200 நானோமீட்டரில் நின்றாலும், அதன் மீள் அழுத்தம் அதைப்போல் பல மடங்கு ஆழத்துக்குப் பரவும். நீங்கள் பார்ப்பது கீழே உள்ள எல்லா அடுக்குகளும் கலந்த எண். வரைபடம் வழவழப்பாக வருவதால் அதையே பூச்சின் பண்பு மாற்றம் என்று கட்டுரையில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் வம்பு. பண்பு ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்று ஒரு வடிவத்தை ஊகித்து, கணினியில் அழுத்திப் பார்த்து, சோதனை வளைகோட்டோடு ஒப்பிடுங்கள். வெவ்வேறு வடிவங்கள் ஒரே வளைகோட்டைத் தரக்கூடும். எனவே தடிமனையும் வேதிச் சேர்மானத்தையும் முதலில் வேறு வழியில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தடிமனில் 10 சதவீதத்துக்குள் அழுத்தினால் போதாதா?

பதில்: அது கடினத்தன்மைக்கான உத்தேச விதி. யங் குணகத்தில் அடிப்பொருளின் (பூச்சைத் தாங்கும் பொருளின்) தாக்கம் அதற்கு வெகு முன்பே தெரியும். ஆழம் குறைவாக இருக்கட்டும் என்று மேலோட்டமாக அழுத்தினால், முனையின் மழுக்கமும் பரப்பின் சொரசொரப்பும் கணக்கைக் கெடுக்கும். அழுத்தும் ஆழம், சராசரிச் சொரசொரப்பைப் போல் 20 மடங்காவது இருக்க வேண்டும்.

கேள்வி: குறுக்குவெட்டில் அளக்கலாமா? பூச்சு 2 மைக்ரான்.

பதில்: இடம் போதாது. பெர்கோவிச் முனை (மூன்று பக்கக் கூம்பு முனை) 100 நானோமீட்டர் ஆழத்தில் பதிக்கும் தடம் முக்கால் மைக்ரான் அகலம் வரும். தடங்களுக்கு நடுவே ஆழத்தைப் போல் 10 மடங்காவது, அதாவது ஒரு மைக்ரான், இடைவெளி வேண்டும். ஒரு வரிசையில் இரண்டு தடத்துக்கு மேல் தேறாது. விளிம்பை ஒட்டிய எப்பாக்சி (மாதிரியைப் பதித்து வைக்கும் பிசின்) மென்மையானது, அளவைக் கீழே இழுக்கும்.

சரி, சாய்வாகத் தேய்த்துப் பாருங்கள். 3 பாகைச் சாய்வில் அந்த 2 மைக்ரான் சுமார் 38 மைக்ரான் நீளமாக விரியும். ஒரு மைக்ரான் நகர்ந்தால் ஏறக்குறைய 52 நானோமீட்டர் ஆழ வித்தியாசம். கடினத்தன்மை மாற்றத்துக்கு என் தேர்வு இதுதான். யங் குணகத்துக்கு அடியில் மிஞ்சியிருக்கும் அடுக்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், சாய்வுக் கோணத்தைத் தேய்த்த பிறகு அளந்து கொள்ளுங்கள்; தாங்கியில் குறித்த கோணத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: கருவியைச் சரிபார்க்கும் உருக்கிய சிலிக்காவில் யங் குணகம் 72 கிகாபாஸ்கல் என்று சரியாக வருகிறது. பூச்சில் மட்டும் கடினத்தன்மை அதிகமாகவே வருகிறதே?

பதில்: மேலடுக்கு மென்மை, கீழே கடினம் என்றால் தடத்தைச் சுற்றிப் பொருள் பிதுங்கி நிற்கும். சுமை-ஆழ வளைகோட்டிலிருந்து தொடுபரப்பைக் கணிக்கும் ஆலிவர்-ஃபார் கணக்கில் பிதுக்கத்துக்கு இடமில்லை. தொடுபரப்பு குறைவாக வந்து கடினத்தன்மை ஏறிவிடும். அணுவிசை நுண்ணோக்கியில் தடத்தின் உண்மைப் பரப்பை அளந்து, சுமையை அதனால் வகுங்கள்.