பட்டறை பதில்கள்: பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது

கேள்வி: அண்ணே, என்னிடம் 2001 மாடல் சான் ஸ்டார்ம் கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பேன். 80-க்கு மேல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடுகிறது. பிரேக்கில் கால் வைக்காதவரை ஒன்றும் இல்லை. முன் டிஸ்க் இரண்டையும் லேத்தில் கொடுத்துக் கடைந்தேன். கொஞ்ச நாளில் மறுபடி அதே ஆட்டம். புது டிஸ்க் போட்டும் திரும்ப வந்துவிட்டது. என்ன செய்வது?
*– வாசகர், காவேரிப்பட்டினம்*

பதில்: தம்பி, கோவாவில் செய்த அந்த ஃபைபர் பாடி ரெண்டு சீட்டர் நம்ம பக்கத்தில் இன்னும் ஓடுகிறது என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். தயவுசெய்து அதை விற்றுவிடாதீர்கள்.

வீல் பாலன்சிங் கோளாறாக இருந்தால் பிரேக் தொடாமலே 80, 90-ல் ஆட்டம் தெரியும். உங்களுக்கு அப்படி இல்லை. ஆட்டம் கையில் தெரிவதால் கோளாறு முன்பக்கம். பின் டிரம் முட்டையாகியிருந்தால் சீட்டிலும் பெடலிலும் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஆளில்லாத நேர் ரோட்டில் 40-ல் போகும்போது, ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். வண்டி விட்டு விட்டுப் பிடித்தால் டிரம்மைப் பாருங்கள். சீராக வேகம் குறைந்தால் பின்பக்கத்தை மறந்துவிடலாம்.

புது டிஸ்க் போட்டும் திரும்ப வந்தது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. "சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எந்த ஷெட்டிலும் சொல்வார்கள். எங்கள் பட்டறைக்கு வந்ததில் உண்மையாகவே வளைந்த டிஸ்க் அபூர்வம். டிஸ்க் போய் உட்காரும் ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பாகத்தின் முகத்தில் துருப் பொருக்கு இருந்தால் டிஸ்க் ஒரு துளி சாய்ந்து உட்காரும். அப்புறம் பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றுக்கும் டிஸ்கின் ஒரே இடம் பிரேக் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து, டிஸ்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே ஸ்டியரிங்கை ஆட்டப் போதும். கடைந்த டிஸ்கோ புது டிஸ்கோ, அதே துரு ஹப்பில் மாட்டினால் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

டிஸ்கைக் கழற்றி ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை விடாதீர்கள். போல்ட் வரும் இடங்களைச் சுற்றி வளையமாக ஒரு துரு நிற்கும். பிரஷ் அங்கே சரியாக நுழையாது, அதனால் பல பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, விரல் நுனியால் அந்த வளையத்தைச் சுற்றித் தேய்த்து எடுங்கள். நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தடுக்கக் கூடாது. டிஸ்கின் உள்பக்கத்துக்கும் இதே வேலை.

பிறகு டிஸ்கை மாட்டி, வாஷர் வைத்து எல்லாப் போல்ட்டையும் இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். லேத் பட்டறையில் காந்த ஸ்டாண்டோடு கேஜ் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே டிஸ்கின் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. 0.1-ஐத் தாண்டினால், இடம் கொடுக்கும் டிஸ்க் என்றால் ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறையவில்லையா? ஹப் அல்லது பேரிங்தான் காரணம். வீலை மாட்டும்போது ஏர் கன் வைத்து அடிக்க விடாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்குக் குறுக்காக, எல்லாம் ஒரே அளவுக்கு இறுக்க வேண்டும்.

டிஸ்க் கிளப்பும் ஆட்டத்தைப் பெரிதாக்குவது தளர்ந்த முன்பக்கம். இருபது வருடம் தாண்டிய ரப்பர் வெடித்திருக்கும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் லீவர் கம்பி கொடுத்து நெம்பிப் பாருங்கள். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் ஊசியை (பின்) கையால் தள்ளினால் நகர வேண்டும். இதெல்லாம் பார்க்காமல் இன்னொரு ஜோடி டிஸ்க் வாங்க வேண்டாம், அந்தக் காசு வீண்.

ஞாயிறு மட்டும் எடுப்பதால் இன்னொன்று. வண்டியைக் கழுவி ஈரத்தோடு நிறுத்தினால் பேட் ஒட்டியிருக்கும் இடத்தில் டிஸ்க் துருப்பிடித்து அச்சு விழும். கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி, நாலு தடவை பிரேக் அடித்துக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள். தொப்பூர் கணவாயில் இறங்கி, லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் கால் பிரேக்கை அழுத்தியபடி நிற்காதீர்கள். சூட்டில் பேட் மருந்து டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போதும்.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பேட் புதுசுதான்.
*– வாசகர், பாலக்கோடு*

பதில்: பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155-க்கு வந்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுங்கள். அதுவரை அந்த இறக்கத்தில் போக வேண்டாம். மாற்றிய பிறகும், ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரிலேயே இறங்குங்கள். ஏற்கெனவே திறந்து வைத்த பாதி டப்பா இருந்தால் அதை ஊற்ற வேண்டாம், அதிலும் ஈரம் ஏறியிருக்கும்.